எண் யாருடையது? கிளவுட் தொலைபேசி குறித்து வாசகர் கேள்வி–பதில்

அலுவலக மூலையில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும், மேசைக்கு மேசை அழைப்பை இணைக்கும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியைக் கழற்றிவிட்டு, இணையத்தின் வழியே இயங்கும் கிளவுட் தொலைபேசிக்கு மாறலாமா, மாறினால் எந்த நிறுவனத்திடம் போவது என்று கேட்டுக் கொங்கு வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. திருப்பூர், கோவைப் பகுதி நிறுவனங்களில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொலைபேசி அமைப்புகளை நிறுவிப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுடையது சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஒரு கைப்பேசி நிறுவனம், ஒரு இந்திய கிளவுட் டெலிபோனி நிறுவனம், நாங்கள் வீடியோ கூட்டத்துக்குப் பயன்படுத்தும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆகிய மூன்றிடமிருந்து விலைப்புள்ளி வாங்கியிருக்கிறோம். ஒருவர் ஆளுக்கு இவ்வளவு என்கிறார். ஒருவர் நிமிடத்துக்கு இவ்வளவு என்கிறார். ஒருவர் சேனலுக்கு இவ்வளவு என்கிறார். எதை எதோடு ஒப்பிடுவது?
— ஏற்றுமதி நிறுவன மேலாளர், திருப்பூர்

பதில்: மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாமல் நீங்கள் தடுமாறுவது இயல்பு. உங்களிடம் இருப்பவை ஒரே சரக்குக்கு மூன்று கடைக்காரர்கள் சொன்ன விலைகள் அல்ல. மூன்று வெவ்வேறு சரக்குகளின் விலைகள். (சேனல் என்பது ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய ஓர் அழைப்புக்கான இடம்.)

ஏர்டெல் ஐ.க்யூ., டாடா டெலி பிசினஸ் சர்வீசஸின் ஸ்மார்ட்ஃப்ளோ போன்றவை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சொந்தச் சேவைகள். எண்ணும் பாதையும் அவர்களுடையவை என்பதால், அழைப்பு நடுவில் அறுந்தால் பழியை இன்னொரு நிறுவனத்தின் மேல் போட அவர்களுக்கு வழி குறைவு. பெங்களூரின் எக்ஸோடெல், ஹைதராபாத்தின் ஓசோன்டெல், மைஆபரேட்டர், நம் சென்னையிலிருந்து வரும் சோஹோ வாய்ஸ் போன்றவை இரண்டாம் வகை. இவர்கள் அடிப்படையில் மென்பொருள்காரர்கள். எண்களையும் பாதையையும் பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பெற்று, அதன்மேல் ஐ.வி.ஆர். (எண்ணை அழுத்தச் சொல்லும் தானியங்கிக் குரல்), அழைப்புப் பதிவு, யார் எத்தனை அழைப்பை எடுத்தார்கள், எத்தனையைத் தவறவிட்டார்கள் என்ற அறிக்கை, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளோடு இணைப்பு ஆகியவற்றைக் கட்டித் தருகிறார்கள். ஜூம் ஃபோன், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஃபோன், சிஸ்கோ வெப்எக்ஸ் காலிங் ஆகியவை மூன்றாம் வகை. கூட்டம், எழுத்து உரையாடல், தொலைபேசி மூன்றையும் ஒரே செயலிக்குள் வைத்திருப்பதுதான் இவற்றின் பலம்.

மூன்றாம் வகையில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜூம் நிறுவனம் இந்தியாவில் தன் தொலைபேசிச் சேவையை 2024 அக்டோபரில் மகாராஷ்டிரத் தொலைத்தொடர்பு வட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. பிறகே மற்ற வட்டங்களுக்கு நகர்ந்தது. ஆகவே "இந்தியாவில் கிடைக்கும்" என்ற வாசகத்தை நம்பிக் கையெழுத்திடாமல், திருப்பூருக்குரிய 0421 என்று தொடங்கும் எண் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். டீம்ஸ் வைத்திருப்பவர்கள், சாதாரண டீம்ஸ் உரிமத்தைக் கொண்டு வெளி எண்களை அழைக்க முடியாது என்பதையும், அதற்குத் தொலைபேசி உரிமமும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எண் இணைப்பும் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். விலைப்புள்ளியில் பெரிய எழுத்தில் இருப்பது மாத வாடகை. பணம் கசிவதோ ஓர் அழைப்பின் ஒவ்வொரு பகுதியையும் 'கால்' (leg) என்று தனித்தனியே அவர்கள் கணக்கிடும் முறையில். கிளவுட் எண்ணுக்கு வரும் அழைப்பு உங்கள் மெர்ச்சண்டைசரின் கைப்பேசிக்குத் திருப்பிவிடப்படும்போது, அது உங்களைப் பொறுத்தவரை உள்வரும் அழைப்பாக இருந்தாலும், நிறுவனத்தின் கணக்கில் அந்தக் கைப்பேசிக்கு அவர்கள் செய்த வெளிச்செல்லும் அழைப்பாகவே பல திட்டங்களில் பதிவாகிறது. ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு 120 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம், மாதம் 26 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 9,360 நிமிடங்கள் ஆகின்றன. நிமிடத்துக்கு 50 காசு என்று கொண்டால் 4,680 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 5,522 ரூபாய் 40 காசு. வரியை உள்ளீட்டு வரவில் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், மீதித் தொகை வாடகையையே விழுங்கிவிடக்கூடியது. இதே அழைப்புகளைக் கைப்பேசி எண்ணில் எடுக்காமல், அந்த நிறுவனத்தின் செயலியிலோ மேசைமேல் வைக்கும் ஐ.பி. தொலைபேசியிலோ எடுத்தால் பல திட்டங்களில் அந்தச் செலவு இல்லை. கணினியில் சொடுக்கினால் முதலில் உங்கள் ஊழியரையும் பிறகு வாடிக்கையாளரையும் அழைத்து இணைக்கும் வசதியை வாங்குவதாக இருந்தால், இரண்டு பக்கத்துக்கும் நிமிடக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பல்ஸ், அதாவது கட்டணம் கணக்கிடும் நேர அலகு. 60 விநாடி பல்ஸ் என்றால் 65 விநாடி பேசிய அழைப்புக்கு இரண்டு நிமிடக் கட்டணம். "சாம்பிள் கிளம்பிடுச்சுங்களா?", "சாயந்தரம் கிளம்புதுங்க" என்று முடிந்துபோகும் அழைப்புகள்தாம் நம் ஊர் அலுவலகங்களில் மிகுதி. அத்தகைய அலுவலகங்களுக்கு 15 அல்லது 30 விநாடி பல்ஸ் தரும் நிறுவனம், நிமிட விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மாத முடிவில் மலிவாக முடியலாம். கடந்த மூன்று மாத அழைப்பு விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று நிறுவனங்களிடமும் அதே விவரத்தைக் கொடுத்து, "இந்த மாதத்துக்கு உங்கள் பில் எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேளுங்கள். ஒப்பிடத்தக்க ஒரே எண்ணிக்கை அதுதான்.

இயங்கும் நேர உறுதியும் விலைப்புள்ளியில் இருக்கும். 99.9 விழுக்காடு என்பது கேட்க நிறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் சேவை நிற்கலாம் என்றுதான் அதற்குப் பொருள், 99.99 என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அந்தப் பராமரிப்பு யாருடைய இரவில் நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவு 1 மணி நமக்குக் கோடையில் காலை 10:30, குளிர்காலத்தில் 11:30. அவர்கள் ஊர் உறங்கும் நேரத்தில் உங்கள் டையிங் பட்டறையும் பிரிண்டிங் யூனிட்டும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது எண் யார் பெயரில் இருக்கிறது என்பது. 2019-இல் நான் பராமரித்துவந்த ஒரு பனியன் கம்பெனி, ஒரு சேவை நிறுவனத்தின் வர்ச்சுவல் எண்ணை வாங்கி, விலைப்பட்டியல், விசிட்டிங் கார்டு, உள்நாட்டு விற்பனைக்கான அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் அச்சிட்டிருந்தது. இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பில் வாடகையைப் பெரிதாக உயர்த்தினார்கள். வேறிடம் போகிறோம் என்றோம். "போகலாம், எண் எங்களுடையது" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒப்பந்தத்தை அன்று படிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். பேக்கிங் பிரிவில் இரண்டு பெண்கள் மூன்று நாட்கள் உட்கார்ந்து, மடிக்காமல் அடுக்கியிருந்த ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் பழைய எண்ணின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டிய பிறகும் அடியில் அச்சான நீல எழுத்து தெரிந்தது. பழைய எண்ணுக்கு அழைத்த கடைக்காரர்களில் எத்தனை பேர் அத்தோடு விட்டுவிட்டார்கள் என்று கணக்கெடுக்க வழியே இல்லை. ஆகவே எண்ணுக்கான விண்ணப்பத்தில் வாடிக்கையாளர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கின்றனவா, சேவையிலிருந்து விலகினால் எண்ணுக்கு என்ன ஆகும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.

பெரிய பெயர் என்பதனால் மட்டும் ஒரு சேவை நிலைத்துவிடாது. பையர்களோடு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாரோடு, பேச ஒரு காலத்தில் திருப்பூரே நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. இந்தியக் கிளவுட் தொலைபேசியின் முன்னோடிகளுள் ஒன்றான நோலாரிட்டியை 2022-இல் கப்ஷப் நிறுவனம் வாங்கியது. விற்பதும் மூடுவதும் அவர்கள் உரிமை. அப்படி நேர்ந்தால் உங்களுக்கு எத்தனை நாள் அவகாசம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 0421 எண்ணையும் உள்நாட்டு அழைப்புகளையும் முதலிரண்டு வகைகளில் ஒன்றிடம் கொடுப்பேன். பையர்களோடு இப்போது எந்தக் கூட்டச் செயலியில் பேசுகிறீர்களோ அதில் அப்படியே தொடர்வேன். பன்னிரண்டு பேருக்கும் வெளிநாட்டுத் தொலைபேசி உரிமம் வாங்குவது, சாம்பிள் துணி இரண்டு மீட்டர் போதும் என்ற இடத்தில் ஒரு ரோல் வாங்குவதைப் போன்றது.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறோம். 0424-இல் தொடங்கும் எங்கள் லேண்ட்லைன் எண் என் தந்தையார் வாங்கியது. முப்பது ஆண்டுகளாக சாங்லி, நிசாமாபாத் வியாபாரிகள் வரை அந்த எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே எண்ணோடு கிளவுட் நிறுவனத்துக்கு மாற முடியுமா?
— மஞ்சள் வணிகர், ஈரோடு

பதில்: நேரடியாக முடியாது. கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் பழைய எண்ணை அப்படியே எடுத்து வருவதாக எந்த விற்பனைப் பிரதிநிதியாவது சொன்னால், எந்த முறையில் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்ல வருவது அழைப்பைத் திருப்பிவிடுவதைத்தான்.

அதுவே உங்களுக்குப் போதுமானதும்கூட. பி.எஸ்.என்.எல். இணைப்பாக இருந்தால், செம்புக் கம்பியிலிருந்து ஃபைபர் இணைப்புக்கு மாறும்போது அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை உயிரோடு வைத்திருந்து, அதற்கு வரும் எல்லா அழைப்புகளையும் புதிய கிளவுட் எண்ணுக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். திருப்பிவிடுவது எக்ஸ்சேஞ்சிலேயே நடப்பதால், சாலை தோண்டும்போது உங்கள் தெருவில் கம்பி அறுபட்டாலும் அழைப்பு வந்துகொண்டிருக்கும். பழைய ஏற்பாட்டில் இல்லாத நன்மை இது.

மூன்று சோதனைகளை நீங்களே செய்து பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கைப்பேசிகளிலிருந்து பழைய எண்ணை அழைத்து, இரண்டும் கிளவுடுக்கு வந்து சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல இணைப்புகளில் முதல் அழைப்பு மட்டுமே திரும்பும், இரண்டாவதற்கு பிஸி டோன் போகும். ஏலம் முடிந்து விலை தெரிந்த அரை மணி நேரத்தில் இந்த ஒரு குறை உங்கள் வியாபாரத்தைக் கெடுத்துவிடும். அடுத்து, திருப்பிவந்த அழைப்பில் அழைத்தவரின் எண் தெரிகிறதா, அல்லது உங்கள் பழைய எண்ணே தெரிகிறதா என்பது. கடைசியாக, கிளவுட் எண்ணுக்குப் பதிலாகக் கைப்பேசி எண்ணுக்குத் திருப்புவதாக இருந்தால் முன்னால் சுழியம் சேர்த்திருக்கிறீர்களா என்பது. 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனில் இருந்து கைப்பேசியை அழைக்கச் சுழியம் கட்டாயம். அதை மறந்து, "திருப்பிவிட்டோம், வரவில்லை" என்று ஒரு வாரம் அலைந்தவர்களை நான் அறிவேன்.

புதிய எண்ணையும் பழைய எண்ணையும் இரண்டு மஞ்சள் பருவங்களுக்காவது பில்லில் சேர்த்தே அச்சிடுங்கள். தந்தையார் வாங்கிய எண்ணை விட்டுவிடும் யோசனையே வேண்டாம்; அதன் மாத வாடகை சிறிது, அது கொண்டுவரும் நம்பிக்கை பெரிது.

கேள்வி: எங்கள் லாரி புக்கிங் அலுவலகத்தில் மூன்று பேர்தான். ஐ.வி.ஆர். வைத்தால் பெரிய கம்பெனி போலத் தெரியும் என்று விற்பவர் சொல்கிறார். வைக்கலாமா?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: வேண்டாம். உங்களை அழைப்பவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் நாக்பூர் சுங்கச்சாவடி ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, லோடு ரசீதில் ஒரு தகராறு என்று பேச வருகிற ஓட்டுநர். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், புக்கிங்குக்கு இரண்டை அழுத்தவும்" என்று அவரைக் காக்க வைப்பது முறையல்ல. மூன்று பேர் இருக்கும் அலுவலகத்துக்குத் தேவை ஐ.வி.ஆர். அல்ல, வரிசை ஒலிப்பு: முதல் ஆள் நான்கு முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால் இரண்டாம் ஆளுக்கு, அவரும் எடுக்காவிட்டால் மூன்றாம் ஆளுக்கு அழைப்பு போக வேண்டும்; இரவு 9 மணிக்கு மேல் யார் முறையோ அவருக்கே நேராகப் போக வேண்டும். மூவரும் தவறவிட்டால் அந்த எண் உடனே மூவருக்கும் குறுஞ்செய்தியாக வர வேண்டும். இவற்றைப் பெரும்பாலான இந்திய நிறுவனங்கள் செய்து தருகின்றன.

நீங்கள் ஒப்பிட வேண்டியது சேனல் எண்ணிக்கையை. இரண்டு சேனல் திட்டத்தில் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக அழைப்பவருக்கு பிஸி டோன்தான் கிடைக்கும். உங்கள் ஊரிலேயே முட்டை வியாபாரிகளிடம் கேளுங்கள்; விலை அறிவிக்கப்படும் நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஒன்றாக வந்து மோதுகின்றன என்று சொல்வார்கள். சில நிறுவனங்கள் ஆள் கணக்கில் விற்று, சேனல் வரம்பை உடன்படிக்கையின் பின்பக்கத்தில் வைத்திருக்கும்.

வரவேற்புக் குரல் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால், உங்கள் அலுவலகத்தில் வழக்கமாகத் தொலைபேசி எடுப்பவரின் குரலிலேயே "வணக்கமுங்க, ஒரு நிமிசம் இருங்க, இணைக்கிறோம்" என்று பதிவுசெய்து வையுங்கள். நிறுவனம் தரும் இயந்திரத் தமிழைவிட ஓட்டுநருக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். வடமாநில ஓட்டுநர்கள் அழைப்பதுண்டு என்றால் அதே வரியை இந்தியிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளவுட் தொலைபேசி வைத்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் எங்களுக்குக் கேட்பதில்லை. அல்லது பேச்சு துண்டு துண்டாக வருகிறது. ஆடி மாதக் காற்றில் இணைப்பே போய்விடுகிறது. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு வைத்திருந்தும் இப்படி. நிறுவனத்தை மாற்றிவிடலாமா?
— தேங்காய்ப் பொருள் ஏற்றுமதியாளர், பொள்ளாச்சி

பதில்: மாற்றுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தைப் பாருங்கள். நான் பார்த்த இத்தகைய புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் சேவை நிறுவனத்தில் இல்லை. வாசலுக்கும் மேசைக்கும் இடையில் இருந்தது.

வேகம் உங்கள் சிக்கல் அல்ல. தரமான குரல் அழைப்பு ஒன்றுக்குப் போகவும் வரவும் ஏறத்தாழ 100 கே.பி.பி.எஸ். போதும், பத்துப் பேர் ஒன்றாகப் பேசினாலும் ஒரு எம்.பி.பி.எஸ்.தான். குரலைக் கெடுப்பவை தாமதமும், தாமதத்தின் ஏற்ற இறக்கமும், வழியில் தொலையும் பாக்கெட்டுகளும் (குரலைச் சுமந்து செல்லும் தரவுத் துண்டுகள்). ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஏற்ற இறக்கம் 30 மில்லிவிநாடிக்குள்ளும் இழப்பு 1 விழுக்காட்டுக்குள்ளும் இருந்தால் பேச்சு தெளிவாக இருக்கும். பல்லடம் சாலையில் ஒரு எம்பிராய்டரி நிறுவனத்தில் நாள்தோறும் மாலை ஐந்தரைக்குப் பேச்சு உடைந்தது. ஒரு வாரம் அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். டிசைனர் வீட்டுக்குக் கிளம்பும் முன் அன்றைய கோப்புகளை எல்லாம் மொத்தமாகப் பதிவேற்றிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு எட்டு சி.சி.டி.வி. கேமராக்களின் காட்சியும் வெளியே போய்க்கொண்டிருந்தது. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததோடு அது நின்றது.

ஒரு பக்கம் மட்டும் கேட்பது வேறு நோய். ரவுட்டர் அமைப்பில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்று ஒன்று இருக்கும். அழைப்புக்கு உதவுவதாக எண்ணி முகவரியை மாற்றி எழுதி, வரும் குரலை வழிதவற வைப்பது பெரும்பாலும் அதுதான். அதை அணைத்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை மீளத் தொடங்குங்கள்.

காற்றுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பத்துக் கேபிள் அறுவது உங்கள் பகுதியில் ஆண்டுதோறும் நடப்பது. இரண்டாவது இணைப்பு வாங்கியிருந்தால், அது எந்த வழியாக வருகிறது என்று வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். ஒரே கம்பத்தில் வரும் இரண்டு இணைப்புகள் இரண்டல்ல, ஒன்றுதான். முதலாவது கேபிளாக இருந்தால் இரண்டாவது கைப்பேசிக் கோபுரத்தின் வழியே வரும் 4ஜி அல்லது 5ஜி ரவுட்டராக இருக்கட்டும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், தொலைபேசிகளுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச் ஆகிய மூன்றும் கணினிகளின் யு.பி.எஸ்.ஸோடு சேராமல் தனி யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் கணினி நின்றாலும் தொலைபேசி நிற்காது.

இத்தனையும் செய்த பிறகும் குறை நீடித்தால், தேதி, நேரம், எந்த எண் என்ற குறிப்போடு பத்து அழைப்புகளைப் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலுக்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்து மாறுவதா என்று முடிவெடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றித் தருவதாகச் சொல்லி, சிம் கார்டுகள் செருகிய ஒரு பெட்டியை எங்கள் அலுவலகத்தில் வைக்க ஒருவர் இடம் கேட்கிறார். வாடகையும் தருகிறாராம்.
— வாசகர், அவினாசி

பதில்: அந்தப் பெட்டிக்குப் பெயர் சிம் பாக்ஸ். உரிமம் இல்லாமல் அப்படித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ 2 கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பெட்டி உங்கள் கூரையின் கீழ் இருந்தால் விசாரணையும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். இடம் கொடுக்காதீர்கள்; காவல்துறைக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: மோட்டார், பம்ப்செட் விற்பனையும் சர்வீசும் செய்கிறோம். சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்று வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், பதிவுசெய்த குரல் அழைப்பு மூன்றையும் அனுப்ப விரும்புகிறோம். கிளவுட் நிறுவனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமா?
— பம்ப்செட் விற்பனையாளர், கோயம்புத்தூர்

பதில்: அனுப்பும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பொறுப்பு உங்களுடையது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் அதற்கான பதிவுத் தளமான டி.எல்.டி. தளத்தில் தன் பெயரைப் பதிவுசெய்து, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வாசகத்தில் ஒரு சொல்லை நீங்களாக மாற்றினாலும் செய்தி போகாது. "அனுப்பினோம், போகவில்லை" என்ற புகார்களில் பல இதனால் வருபவை. இந்தப் பதிவை உங்கள் நிறுவனத்தின் பெயரில் நீங்களே செய்யுங்கள். இடைத்தரகர் தன் பெயரில் வைத்திருந்தால், முதல் கேள்விக்கான பதிலில் எண் விஷயத்தில் சொன்ன அதே கதி நேரும்.

குரல் அழைப்பில் இன்னும் கவனம் வேண்டும். விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசை எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அவற்றைச் செய்யக் கூடாது. 2025-இல் விதிகள் இறுக்கப்பட்ட பிறகு, பத்து நாட்களுக்குள் ஐந்து புகார்கள் வந்தாலே நடவடிக்கை உண்டு. முதல் முறை பதினைந்து நாள் வெளிச்செல்லும் சேவை நிறுத்தம். மீண்டும் நேர்ந்தால் எல்லா நிறுவனங்களிலும் ஓராண்டுத் துண்டிப்பு. ஒரு பம்ப்செட்டுக்கு ஆயில் மாற்ற நினைவூட்டப் போய் அலுவலகத்துத் தொலைபேசி எல்லாம் ஊமையாகிவிடக் கூடாது.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, 2025 ஜூலையிலிருந்து நீங்கள் தொடங்கி அனுப்பும் வார்ப்புச் செய்திகளுக்கு (டெம்ப்ளேட்) செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். வாடிக்கையாளர் முதலில் எழுதினால், அடுத்த 24 மணி நேரத்துக்குள் நீங்கள் எழுதும் பதில்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவுக்குப் போகும் தொகையின் மேல் கிளவுட் நிறுவனம் எவ்வளவு சேர்க்கிறது என்பதே இங்கே ஒப்பிட வேண்டியது. விளம்பரத்தைக் குறைத்து, பில்லிலும் மோட்டாரின் மேல் ஒட்டும் சர்வீஸ் அட்டையிலும் ஒரு க்யூ.ஆர். குறியீட்டை அச்சிட்டு, அவர்களே முதலில் எழுதும்படி செய்தால் செலவும் குறையும், புகாரும் வராது.

கேள்வி: அழைப்புகளைப் பதிவுசெய்வது சட்டப்படி சரியா?
— வீட்டு உபயோகத் துணி உற்பத்தியாளர், கரூர்

பதில்: அழைப்பின் தொடக்கத்திலேயே பதிவாகிறது என்று சொல்லிவிடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அறிவிப்பையும் ஒப்புதலையும் அடிப்படையாகக் கொண்டது. ஒப்பிடும்போது, பதிவுகள் எத்தனை மாதம் வைக்கப்படும், எந்த நாட்டுக் கணினியில் இருக்கும், விலகும்போது மொத்தமாகத் தரவிறக்க முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகச் சொடுக்கித்தான் தரவிறக்க முடியும் என்றால், ஓராண்டுப் பதிவை எடுக்க ஒருவரை ஒரு மாதம் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஏழு நாள் இலவசச் சோதனை தருகிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது?
— பொறியியல் உதிரிபாக உற்பத்தியாளர், பெருந்துறை

பதில்: வேலை குறைவாக இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். சரக்கு அனுப்பும் நெருக்கடியும் சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடாவும் அடங்கிய ஏழு நாட்களாகத் தேர்ந்தெடுங்கள். விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் மடிக்கணினியில் பேசிப் பார்ப்பதில் பயனில்லை. லேத் ஓடும் கூடத்துக்குள் உங்கள் மேற்பார்வையாளர் தன் கைப்பேசியில் செயலியை நிறுவிப் பேசிப் பார்க்கட்டும். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு முதன்மை இணைய இணைப்பை நீங்களே பிடுங்கிவிட்டு, பேசிக்கொண்டிருந்த அழைப்பு என்ன ஆகிறது, அடுத்த அழைப்பு எத்தனை விநாடியில் வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களுடைய உதவி எண்ணை அழைத்து, யார் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்களா, எத்தனை நேரம் காக்க வைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் முடிவில் அந்த ஒரு வாரத்துக்கான பில்லை மாதிரியாகத் தரச் சொல்லி, உங்கள் கணக்கோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.